செல்லமுத்துவை எடுக்க ஒரு லேப்டாப்

செல்லமுத்து கழுத்து வரை அழிந்திருந்தபோது லேப்டாப் நின்றுபோனது.

பிலவேந்திரன் மவுஸை ஆட்டிப் பார்த்தார். மூடித் திறந்தார். பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் அசையவில்லை. திரையில் கல்யாண மேடை. மணப்பெண், மாப்பிள்ளை, ஐயர் எல்லோரும் முழுசாக இருந்தார்கள். நடுவில் உடம்பில்லாத ஒரு தலை மட்டும் சிரித்த முகத்தோடு மிதந்துகொண்டிருந்தது.

"இன்னும் கீறானா அவன்?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் களமருதூர் ராஜாங்கம்.

"தலை மட்டும்தாங்கய்யா பாக்கி."

"தலைய வெச்சிக்கினு இன்னா பண்றது? அதையும் எடு."

திருநாவலூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது மெர்லின் டிஜிட்டல்ஸ். மெர்லின் என்பது பிலவேந்திரனின் மகள் பெயர். டிஜிட்டல்ஸ் என்பது அந்த லேப்டாப்பும் ஒரு கேமராவும்.

ராஜாங்கத்தின் மூத்த மகள் சந்தியாவுக்குப் போன வைகாசியில் கல்யாணம். படம் எடுத்தவர் பிலவேந்திரன்தான்; வீடியோவை இன்னும் முடித்துக் கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் ராஜாங்கத்துக்கும் அவருடைய அண்ணன் செல்லமுத்துவுக்கும் பொதுக் கிணற்று மோட்டாரை யார் எந்த நாளில் போடுவது என்று தகராறு வந்தது. பேச்சுவார்த்தை நின்றது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நடந்து முடிந்த கல்யாணத்திலும் அண்ணன் வந்திருக்கக் கூடாது என்று ராஜாங்கம் முடிவெடுத்துவிட்டார்.

"தை கடைசி ஞாயித்துக்கிழம சின்னசேலத்துல வளைகாப்பு. சம்பந்தி வூட்ல பெரிய டிவி கீது. அதுல கல்யாண வீடியோ போடணும்னு சொல்லிட்டேன். அவன் நிழலு கூட தெரியக் கூடாது. தெரிஞ்சுது, சின்னவ கல்யாணத்துக்கு உளுந்தூர்பேட்ட டிரோன்காரன்தான். நீ இல்ல."

அந்த வருடம் பிலவேந்திரன் கையில் இருந்தது அந்தச் சின்னவள் கல்யாணம் ஒன்றுதான். மற்றதெல்லாம் டிரோன்காரனிடம் போய்விட்டது. இதுவும் போனால் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செல்லமுத்து ஏதோ மூலையில் நின்றுவிட்டுப் போன விருந்தாளியாக இருந்திருந்தால் ஒரே நாளில் எடுத்திருக்கலாம். பெண்ணுக்குப் பெரியப்பா. மாப்பிள்ளை கையில் தாலி எடுத்துக் கொடுத்தவர். மூன்று மணி நேர வீடியோவில் எங்கே தொட்டாலும் அவர்.

அதில் ஓர் இடம் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் மணமக்களையே பார்த்துக்கொண்டிருக்க, பிலவேந்திரன் கேமராவை ஏனோ வேறு பக்கம் திருப்பினார். அங்கே ராஜாங்கம் அண்ணன் தோளில் முகத்தை வைத்துக் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். செல்லமுத்து ஒரு கையால் தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகக் கேமரா தூக்குகிறார் பிலவேந்திரன். அப்படி ஒன்று அவருக்குச் சிக்கியதே இல்லை. அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். அவருக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்கிறவர்களுக்கு யாரும் ஆர்டர் கொடுப்பதுமில்லை.

லேப்டாப்புக்கு வயது ஏழு. அதைக் காப்பாற்ற அவர் செய்யாதது இல்லை. வருடா வருடம் சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னார், கொஞ்சம் தள்ளி நின்று. ஆயுத பூஜைக்குக் கட்டட உரிமையாளர் ராணியம்மாள் தட்டோடு வந்து எல்லாக் கடை மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். வாடகைக்கு விட்டவர் வைக்கிற பொட்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூடி மேல் வைத்தால் கடையின் ஸ்டிக்கர் மறைகிறது என்று பிலவேந்திரன் பக்கவாட்டைக் காட்டிவிடுவார். அங்கே வரி வரியாக இருந்ததால் சந்தனம் உதிராமல் நின்றது. இப்படி இரண்டு மதமும் சேர்ந்து பார்த்துக்கொண்டும் லேப்டாப் வருடத்துக்கு வருடம் மந்தமாகிக்கொண்டே போனது.

"புதுசு வாங்கணும் மேரி" என்றார் வீட்டில்.

மனைவி உபகாரமேரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். புதுசு என்றால் தவணை அவள் சம்பளத்தில் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"எதுக்கு?"

"ஒரு ஆள எடுக்கணும்."

"அதுக்கு கத்தி வாங்கினா கம்மியாதானே ஆவும்?"

"விளையாடாத மேரி. ராஜாங்கத்தோட அண்ணன வீடியோல இருந்து எடுக்கணும்."

உபகாரமேரி ஊசி போடப்போகிறவள் மாதிரி அவரைப் பார்த்தாள். "யாரு, அந்த செல்லமுத்து ஐயாவையா? போட்டோ எடுக்கறவங்க காலையில இருந்து பட்டினின்னு மொத பந்தியில உங்கள உக்கார வெச்சாருன்னு வந்து சொன்னீங்களே, அவரையா?"

இருபத்திரண்டு வருடத்தில் பிலவேந்திரன் முதல் பந்தியில் சாப்பிட்டது அந்த ஒரு கல்யாணத்தில்தான்.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். கடையில் சரத்குமார் என்கிற பையன்தான் விற்பனையாளர். டை கட்டியிருந்தான், டை அவனைக் கட்டியிருந்தது.

"எதுக்குண்ணா லேப்டாப்? கேமா, ஆபீஸா, எடிட்டிங்கா?"

"வீடியோவுல இருந்து ஒருத்தர எடுக்கணும் தம்பி."

"சொந்தக்காரரா?"

"கஸ்டமருக்கு."

"பங்காளி தகராறா?" சரத்குமார் உடனே எழுந்தான். "அப்ப கிராபிக்ஸ் கார்டு இருக்கறதுதாண்ணா வேணும். நம்ம பக்கம் இதுக்குதான் ஜாஸ்தி போவுது."

இரண்டு லேப்டாப் எடுத்து வைத்தான். ஒன்று சாம்பல் நிறம், சாதுவானது, உள்ளே இடம் தாராளம், வேகம் சுமார். இன்னொன்று கறுப்பு. முதுகில் சிவப்பு டிராகன், சாவிகளுக்கு அடியில் ஏழு நிறத்தில் விளக்கு, கிராபிக்ஸ் கார்டு, பேய் வேகம். உள்ளே இடம்தான் பாதி.

பிலவேந்திரன் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மச்சான் மார்ட்டினுக்கு போன் போட்டார்.

"மாமா, டிராகனு கிராகனுன்னு போயிடாத. சாம்பல் கலரு எடு. வீடியோக்காரனுக்கு எடம்தான் முக்கியம். எடம் இல்லன்னா எதையாவது அழிச்சிக்கினே இருக்கணும்."

பிலவேந்திரன் அதை அப்படியே சரத்குமாரிடம் சொன்னார்.

"எடத்த அப்புறமா கூட வாங்கி மாட்டிக்கலாம்ணா. வேகத்த அப்புறமா வாங்க முடியுமா? வளைகாப்பு என்னிக்கு?"

"பத்து நாள்ல."

"அப்ப டிராகன்தாண்ணா."

பத்து நாள் கெடு உள்ளவனிடம் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் சொன்னவர் சொன்னதுதான் சரி. பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டான் சரத்குமார். அதைப் போட்டுப் பார்த்தான். அது உஸ்ஸென்று இழுத்தது. கையை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"இது லேப்டாப் இல்லண்ணா, அடுப்பு. உங்க மூஞ்சிக்காக எடுத்துக்கறேன்."

கல்யாணத்தைப் புதியதற்கு மாற்றி முடிக்கவே சாயங்காலம் ஆனது. "உள்ள இருக்கறத அழிச்சிடுப்பா" என்றார் பிலவேந்திரன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணா" என்றான் சரத்குமார். கடைக்காரர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எதைச் சொன்னார்களோ அதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

டிராகன் திருநாவலூர் வந்து சேர்ந்த மறுநாள் காலை ராணியம்மாள் தட்டோடு வந்துவிட்டார்.

"புது மெஷினாமே? பொட்டு வெக்காம தொடக் கூடாது. இதுல வரி ஜாஸ்தியா கீதே, சந்தனம் நல்லா புடிக்குது" என்று இரண்டு பக்கமும் பின்பக்கமும் தாராளமாக அப்பிவிட்டுப் போனார்.

வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பத்து நிமிடத்தில் செல்லமுத்து மேடையிலிருந்து காணாமல் போனார். பிலவேந்திரன் சந்தோஷமாக ராஜாங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ராஜாங்கம் பார்த்தார். தாம்பாளம் தானாக எழுந்தது. தாலி தானாக மேலே போனது. காற்றில் நீந்தி மாப்பிள்ளை கையில் போய் இறங்கியது.

"இன்னாய்யா இது, தாலி பறக்குது? சம்பந்தி வூட்ல பேய் புடிச்ச கல்யாணம்னு சொல்ல மாட்டாங்க?"

"அவருதானுங்களே எடுத்துக் குடுத்தாரு. அவர எடுத்துட்டா..."

"அவன் எடத்துல யாரையாவது நிறுத்து."

வீடியோவை வெட்டி ஒட்டுகிற மென்பொருளிடம் காலியிடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பும். பிலவேந்திரன் சொன்னார். அது நிரப்பியது. கோட்டு சூட்டு போட்ட, நீலக் கண் வெள்ளைக்காரர் ஒருவர் பயபக்தியோடு தாலியை எடுத்துக் கொடுத்தார்.

"யாருய்யா இவரு, கவர்னரா?"

"கம்ப்யூட்டரே போட்டுக்கிச்சுங்க."

"எங்க சனத்துல இப்பிடி ஒரு ஆளு கெடையாது. வேற எதனா பண்ணு."

வேறு வழி யோசித்தார் பிலவேந்திரன். அதே வீடியோவில் ராஜாங்கம் எல்லாக் கோணத்திலும் இருந்தார். அவரையே இன்னொரு முறை வெட்டி அண்ணன் நின்ற இடத்தில் ஒட்டினார். இப்போது ஒரு ராஜாங்கம் தாலியை எடுத்துக் கொடுக்க, இன்னொரு ராஜாங்கம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாங்கத்துக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

"ஒரு பங்காளிய எடுடான்னா இன்னொரு பங்காளிய கொண்டாந்து நிறுத்திட்டியே!"

வளைகாப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. டிராகன் இரண்டாம் நாளிலிருந்தே விசிலடிக்கத் தொடங்கியிருந்தது. வேகமான மெஷின் அப்படித்தான் சத்தம் போடும் போலிருக்கிறது என்று பிலவேந்திரன் விட்டுவிட்டார்.

"செல்லமுத்து ஐயா ஒசரம், தொப்பை எல்லாம் எனக்குதான் சரியா இருக்கும்" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு?"

"உன் பச்சைப் புடவைய சுவத்துல கட்டிட்டு நான் முன்னாடி நின்னுக்கறேன். பச்சைய மட்டும் கம்ப்யூட்டர்ல சுலபமா வெட்டிடலாம். நீ கேமராவ புடி. முகம் தெரியாம திரும்பிக்கறேன்."

உபகாரமேரி கேமராவைப் பிடித்தாள். பிலவேந்திரன் பட்டு வேட்டி கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எவர்சில்வர் தட்டைத் தாலித் தாம்பாளமாக நினைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு தரம் எடுத்துக் கொடுத்து, கையைத் தூக்கி ஆசீர்வாதமும் செய்தார்.

"ஒருத்தர் நின்ன எடத்துல போய் நிக்கறீங்க. கொஞ்சமாவது கூச்சமா இல்ல?" என்று கேட்டாள் அவள்.

"கூசுது. தட்டு கீழ எறங்குதா பாரு."

வேலை முடிகிற நேரத்தில் டிராகன் ஒரு செய்தி சொன்னது. இடம் இல்லை. எதையாவது அழித்தால்தான் முழு வீடியோவையும் சேர்த்துத் தர முடியும்.

மார்ட்டின் சொன்னது அப்போது ஞாபகம் வந்து என்ன பயன்? கேமரா கார்டுகளில் ஏற்கெனவே இரண்டு காதுகுத்தும் ஒரு புதுமனை புகுவிழாவும் ஏறிவிட்டன. அழிக்க இருந்தது ஒன்றுதான். செல்லமுத்து முழுசாக இருக்கிற அசல் கல்யாணம்.

பிலவேந்திரன் அந்த ஓர் இடத்தை மட்டும் கடைசியாகப் போட்டுப் பார்த்தார். அண்ணன் தோளில் தம்பி. துண்டின் நுனி. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒன்றைத் தன் கையாலேயே அழிக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தும் அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்தில் சம்பந்தி வீடு நிறைந்திருந்தது. சந்தியா இரண்டு கை நிறைய வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். டிராகன் டிவியோடு இணைக்கப்பட்டு, ஏழு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்ததால் சிலர் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. செல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். கையில் வளையல் தட்டு. பின்னால் மகள் தேவிப்ரியா, தோளில் ஒரு பையோடு.

எல்லோரும் ராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய் ராஜா" என்றார் செல்லமுத்து. "எம் பொண்ணுக்கு நான் வளையல் போட வேணாமாடா?"

ராஜாங்கம் எழுந்தார். வாய் கோணியது. "இத்தினி நாளா எங்கண்ணே போன?" என்றார், என்னவோ அண்ணன்தான் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த மாதிரி. ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்துக் கிணறும் மோட்டாரும் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டன. அவரவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

"வாண்ணே, முன்னாடி வந்து உக்காரு. கல்யாண வீடியோ போடப் போறாங்க."

சொன்ன பிறகுதான் ராஜாங்கத்துக்கு உறைத்தது. கண்ணால் பிலவேந்திரனைத் தேடினார். பிலவேந்திரன் வியர்வையோடு வயரைப் பிடுங்க ஓடினார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "எவ்ளோ நேரம்தான் காத்துக்கினு இருக்கறது?" என்று பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஐம்பத்தைந்து அங்குல டிவியில் கெட்டிமேளம் கொட்டியது. திருப்ப நினைத்த முகம் பளிச்சென்று தெரிய, பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டும் கழுத்தில் சிலுவைச் செயினுமாக, பிலவேந்திரன் தாலியை எடுத்துக் கொடுத்தார்.

செல்லமுத்து திரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிலவேந்திரனைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

"தாலி குடுத்தது போட்டோக்காரரா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. "இதோ உக்காந்துக்கினு கீறாரே, இவருதானே அன்னிக்கு எம் புள்ள கையில குடுத்தாரு?"

அந்த நேரம் பார்த்து டிராகன் நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு நின்றது. மணமக்களை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கிய பிலவேந்திரன் டிவியில் அப்படியே நின்றுவிட்டார். கேட்க வேண்டுமா, கூடம் சிரித்தது.

ராஜாங்கம் பாய்ந்தார். "எங்கய்யா எங்கண்ணன்?"

"நீங்கதானுங்கய்யா எடுக்கச் சொன்னீங்க."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்! அண்ணன் தம்பி விசயம், உனக்கு புத்தி எங்க போச்சு? பழச போடு."

"எடம் பத்தலன்னு அழிச்சிட்டேங்க."

"அழிச்சிட்டியா? எங்கண்ணன அழிச்சிட்டியா? சின்னவ கல்யாணத்துக்கு நீ பந்தியில உக்காரக் கூட வராத!"

இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பிலவேந்திரனுக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட மோசமாக, இந்த ஆள் சொல்வது நியாயம்தானே என்றும் தோன்றியது.

"சித்தப்பா, கத்தாதீங்க" என்றாள் தேவிப்ரியா. "எங்கிட்ட கீது."

பையிலிருந்து அவள் எடுத்தது ஒரு பழைய லேப்டாப். மூடி மேல் மெர்லின் டிஜிட்டல்ஸ் ஸ்டிக்கர்.

"பரீட்சைக்குப் படிக்க கள்ளக்குறிச்சியில செகண்ட்ஸ்ல வாங்கினேன். தொறந்து பாத்தா உள்ள நம்ம சந்தியா கல்யாணம் முழுசா கீது. நேத்து அப்பாவுக்கு போட்டுக் காட்டினேன். அதப் பாத்துட்டுதான் இன்னிக்கு கெளம்பினாரு."

வயரை அதில் மாட்டினாள். டிவியில் பிலவேந்திரன் போய், அண்ணன் தோளில் தம்பி வந்தார். முதுகைத் தட்டும் கை, துண்டின் நுனி, எல்லாம். ஒரு இடத்தில்கூடத் திக்காமல், தண்ணீர் மாதிரி ஓடியது. ராஜாங்கம் அண்ணன் தோளில் மறுபடியும் சாய்ந்தார். பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். இதை எடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பிலவேந்திரன் மெல்ல தேவிப்ரியாவிடம் நகர்ந்தார். அழ வேண்டியவர்தான். ஆனால் இருபத்துநான்கு மாதத் தவணை உள்ளவனுக்கு முதலில் வேறு கேள்விதான் வரும்.

"இது நின்னு நின்னு போவுமேம்மா. கடையில உள்ள எதனா புதுசா மாத்தினாங்களா?"

"ஒண்ணும் மாத்தலண்ணா. காத்து போற வழி பூரா சந்தனம் அடைச்சிக்கினு கெடந்துது, பழைய பல்லு பிரஷ்ஷால ரெண்டு தேய்ப்பு தேய்ச்சேன்" என்ற தேவிப்ரியா, குனிந்து டிராகனின் பக்கவாட்டைப் பார்த்தாள். "அய்ய, புதுசுலயும் அடைச்சிக்கினு கீதே... பிரஷ்ஷு எடுத்தாரட்டா?"